உம்மாவின் மதினா

மதினாவுக்குப் போவது ஹஜ்ஜின் கடமைகளில் ஒன்றல்ல. இதைச் சொன்னால் மற்ற மதத்து நண்பர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களிலேயே சிலர் நம்ப மறுக்கிறார்கள். ஹஜ்ஜின் கிரியைகள் அனைத்தும் மக்காவிலும் அதை ஒட்டியுள்ள மினா, அரஃபாத், முஸ்தலிஃபா ஆகிய இடங்களிலுமே முடிந்துவிடுகின்றன. காபாவைச் சுற்றி, அரஃபாத் வெளியில் ஒரு பகல் நின்று, மினாவில் கல்லெறிந்துவிட்டு, மதினா இருக்கும் திசையைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவருக்கும் ஹஜ் நிறைவேறிவிடும். அவரும் ஹாஜிதான். ஆனால் அப்படித் திரும்பிய ஒரு தமிழ் முஸ்லிமை நான் இதுவரை சந்தித்ததில்லை.

மக்காவுக்கு வடக்கே சுமார் 450 கிலோமீட்டர். இந்திய ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு அங்கே பொதுவாக எட்டு நாள் தங்கல். அதற்கு ஒரு கணக்கு உண்டு. நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை, எட்டு நாளில் நாற்பது. நபிகள் நாயகத்தின் பள்ளிவாசலில் இடைவிடாமல் நாற்பது வேளை தொழுதவருக்கு நரகத்திலிருந்து விடுதலை என்று ஒரு நபிமொழி சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் ஒதுக்குகிறார்கள். ஆனாலும் விமான அட்டவணைகள் அந்த நாற்பதைச் சுற்றித்தான் அமைகின்றன. முழங்கால் வலியோடு இரவு மூன்றரை மணிக்கு எழுந்து சுபுஹுத் தொழுகைக்கு நடக்கும் கிழவிகளிடம் அறிவிப்பாளர் தொடரைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை.

2019-ல் நான் உம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு 72 வயது. வாப்பா காலமாகிப் பதினோரு வருடம். 45 வயதைக் கடந்த பெண்கள் நாலு பேராகச் சேர்ந்தால் ஆண் துணையில்லாமலே ஹஜ்ஜுக்குப் போகலாம் என்று 2018-லேயே இந்தியாவில் விதி மாறிவிட்டது. எங்கள் தெருவில் மூன்று பெண்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் உம்மாவுக்கு நான் வேண்டும். மும்பை அலுவலகத்தில் சேர்த்து வைத்திருந்த விடுப்பு மொத்தத்தையும் எடுத்தேன்.

புறப்படுவதற்கு முதல் வாரம் வீட்டில் ஒரு சண்டை. சத்தமில்லாத சண்டைதான். என் தம்பி தமாமில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். போகும்போது நாகூர் கந்தூரிக்குக் காணிக்கை முடிந்துவைத்துவிட்டுப் போனவன், வரும்போது தர்கா, மவ்லிது, சந்தனக்கூடு எல்லாமே மார்க்கத்துக்குப் புறம்பு என்று சொல்லிக்கொண்டு வந்தான். தமிழ்நாட்டில் 1980-களிலிருந்து எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் நடந்த கதை இது. அண்ணன் தம்பி ஒரே பள்ளிவாசலில் தொழாமல் போன வீடுகளும் உண்டு. எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. ரபியுல் அவ்வல் மாதம் உம்மா மவ்லிது ஓதும்போது தம்பி கடைத்தெருவுக்குப் போய்விடுவான். நெய்ச்சோறு ஆறுவதற்குள் திரும்பிவிடுவான்.

அவன் சொன்னது இதுதான்: "உம்மா, பள்ளிவாசல்ல தொழப் போறேன்னு நிய்யத் வைங்க. கபுரைப் பார்க்கப் போறேன்னு வைக்காதீங்க."

உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "நான் ரெண்டு பேரைப் பார்க்கப் போறேன் வாப்பா. அத்தாவையும் மகளையும்."

நபிகள் நாயகத்தையும் அவரது மகள் பாத்திமாவையும்தான் அப்படிச் சொன்னார். பாத்திமா நாயகி எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஏதோ சின்னம்மா வீட்டுப் பெண் மாதிரி. மாவரைத்துக் கை காய்த்துப்போனவர், வறுமையில் குடித்தனம் நடத்தியவர், தகப்பன் இறந்த சில மாதங்களிலேயே தானும் போய்ச் சேர்ந்தவர். கல்யாணம், பிரசவம், மையத்து வீடு, எங்கே பெண்கள் கூடினாலும் அவர் பெயர் வந்துவிடும்.

தம்பி சொன்னதில் சரக்கு இல்லாமல் இல்லை. மூன்று பள்ளிவாசல்களுக்கு அல்லாமல் புண்ணியம் தேடிப் பயணம் மேற்கொள்ளக் கூடாது என்ற நபிமொழி நம்பகமானது. மக்காவின் ஹரம், மதினாவின் நபி பள்ளிவாசல், ஜெருசலேமின் அல்-அக்ஸா. இதைக் கொண்டுதான், நபியின் கபுரைப் பார்ப்பதையே நோக்கமாக வைத்துப் பயணப்படுவது கூடாது என்று டமாஸ்கஸின் இப்னு தைமிய்யா வாதிட்டார். அந்தக் கருத்துக்காகவே 1326-ல் சிறை வைக்கப்பட்டு, 1328-ல் சிறைக்குள்ளேயே இறந்தார். அவர் காலத்து அறிஞர்களில் பெரும்பாலோர் அதற்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். நபியைத் தரிசிக்கும் ஆசையைப் பாவம் என்று சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. எழுநூறு வருடங்களாகத் தீராத வழக்கு எங்கள் வீட்டு வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் தீரவா போகிறது?

ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. ஒரு நகரம் எதனால் புனிதமாகிறது? மக்காவுக்கு விடை எளிது. அங்கே காபா இருக்கிறது. இப்ராஹீமும் இஸ்மாயீலும் எழுப்பிய இறையில்லம் என்பது நம்பிக்கை. நபிகள் பிறப்பதற்கு முன்பே அது யாத்திரைத் தலம். மதினாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. யத்ரிப் என்ற பெயரில் ஈச்சந்தோப்புகளும், எரிமலைக் கருங்கல் வெளிகளும், ஓயாத குலச் சண்டையுமாகக் கிடந்த ஊர். அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரண்டு கோத்திரங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு களைத்துப் போயிருந்தன. யூதக் கோத்திரங்களும் அங்கே வாழ்ந்தன. சண்டையைத் தீர்த்து வைக்க வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார். மக்காவிலோ ஒருவர் உயிருக்குத் தப்பியாக வேண்டிய நிலையில் இருந்தார்.

622-ல் அது நடந்தது. ஸவ்ர் குகையில் மூன்று இரவு ஒளிந்திருந்துவிட்டு, நபிகளும் அபூபக்கரும் ஒட்டகத்தில் யத்ரிப் வந்து சேர்ந்தார்கள். ஹிஜ்ரத் என்று பெயர் பெற்ற அந்த இடப்பெயர்ச்சியிலிருந்துதான் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. இரண்டாவது கலீஃபா உமர் காலத்தில் அதை முடிவு செய்தபோது, நபியின் பிறந்த ஆண்டை எடுத்திருக்கலாம். முதல் வேத வசனம் இறங்கிய ஆண்டை எடுத்திருக்கலாம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு இன்னொரு ஊர் கதவு திறந்த ஆண்டை எடுத்தார்கள். உமறுப் புலவரும் சீறாப்புராணத்தின் மூன்றாவது காண்டத்துக்கு ஹிஜ்றத்துக் காண்டம் என்றே பெயர் வைத்தார்.

வந்தவர்கள் முஹாஜிர்கள். வரவேற்றவர்கள் அன்ஸாரிகள், அதாவது உதவியாளர்கள். வந்தவர் ஒவ்வொருவரையும் உள்ளூர்க்காரர் ஒருவரோடு சகோதரராகப் பிணைத்தார் நபிகள். சோற்றில் பாதி, தோப்பில் பாதி என்று கொடுக்க முன்வந்தார்கள். நபிகள் எங்கே தங்குவது என்பதில் போட்டி. தன் ஒட்டகம் கஸ்வா எங்கே அமர்கிறதோ அங்கே என்றார். அது அமர்ந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அனாதைப் பையன்களுடையது. இனாமாகத் தருகிறோம் என்றதை ஏற்காமல் விலை கொடுத்து வாங்கி, அங்கே பள்ளிவாசல் கட்டினார்கள். மண்கல் சுவர், ஈச்ச மரத் தூண், ஓலைக் கூரை. மழை பெய்தால் தரை சேறாகும். பிலால் முதன்முதலாகப் பாங்கு சொன்னது இந்த ஊரில்தான். ஜெருசலேமை நோக்கித் தொழுதுகொண்டிருந்தவர்கள் மக்காவை நோக்கித் திரும்பியதும் இங்கேதான். ரமலான் நோன்பு கடமையானதும் இங்கேதான். தனி மனிதர்களின் நம்பிக்கையாக இருந்த மார்க்கம் ஒரு சமுதாயமாக ஆனது இந்த மண்ணில். அந்தச் சமுதாயம் உருவானதில் கசப்பும் உண்டு. எல்லாக் கோத்திரங்களையும் சேர்த்துக்கொண்ட ஒப்பந்தம் சில வருடங்களில் குலைந்து, யூதக் கோத்திரங்கள் வெளியேற்றப்பட்டதும், ஒரு கோத்திரத்தின் ஆண்கள் கொல்லப்பட்டதும் ஏடுகளில் இருக்கின்றன. பயான்களில் அதைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார்கள்.

630-ல் மக்கா நபிகளின் கைக்கு வந்தது. பிறந்த மண், இறையில்லம் இருக்கும் மண். அங்கேயே தங்கிவிடுவார் என்று அன்ஸாரிகள் பயந்தார்கள். அடுத்து வந்த ஹுனைன் போரின் ஆடு, ஒட்டகங்கள் எல்லாம் மக்காக்காரர்களுக்கே பங்கிடப்பட்டபோது அன்ஸாரிகள் சிலர் முணுமுணுத்தார்கள். நபிகள் அவர்களைத் தனியே கூட்டி, மற்றவர்கள் ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் இறைத்தூதரையே உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவது போதாதா என்ற பொருளில் கேட்டார். தாடி நனைய அழுதார்கள் என்கிறது வரலாறு. அவர்களோடு திரும்பினார். 632-ல் அங்கேயே இறந்தார். அடைக்கலம் தந்த ஊரை அவர் கைவிடவில்லை. நம் ஊர்களில் மதினா ஸ்டோர்ஸ், மதினா டீ ஸ்டால், மதினா லாட்ஜ் என்று எத்தனை பலகைகள்! என் கண்ணில் பட்டவரை மக்காவின் பெயரில் கடைகள் அவ்வளவு இல்லை. மக்கா மீது பயபக்தி. மதினா மீது பாசம்.

பாலைவனச் சாலையில் பேருந்து இரவில் மதினாவை நெருங்கியபோது, தூரத்தில் மினாராக்களின் வெளிச்சம் தெரிந்தது. பேருந்துக்குள் ஸலவாத் ஓதும் சத்தம் எழுந்தது. உம்மா ஓதவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஊர் வந்துருச்சு" என்றார். ஏதோ பரமக்குடியைத் தாண்டி எங்கள் ஊர் வந்துவிட்ட மாதிரி.

பள்ளிவாசலின் பிரம்மாண்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. முற்றத்தில் பூப்போல் விரியும் ராட்சதக் குடைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பளிங்கு, குளிரூட்டல், தங்க நிற விளக்குகள். இந்த விரிவாக்கத்தில் பழைய மதினாவின் சந்துகள் அத்தனையும் மறைந்துவிட்டன. நபிகளை முதலில் வீட்டில் தங்கவைத்த அபூ அய்யூபின் வீடு இருந்த இடமும் போய்விட்டது. லட்சக்கணக்கானவர்கள் தொழ இடம் வேண்டும் என்பது நியாயம். அந்த ஒரு வீட்டையாவது விட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எல்லோருடைய கண்ணும் தேடுவது பச்சைக் குப்பாவை. அதன் கீழேதான் நபிகளும் அபூபக்கரும் உமரும் அடங்கியிருக்கிறார்கள். 1279-ல் மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில் அங்கே முதல் குப்பா எழுந்தது. இன்று இருப்பது உதுமானியர் 19-ம் நூற்றாண்டில் கட்டியது. பச்சை வண்ணம் 1837-ல்தான் வந்தது. அதற்கெல்லாம் முன்னால் அது ஓர் அறை. நபிகளின் மனைவி ஆயிஷாவின் அறை. கணவரை அடக்கிய அறையிலேயே அவர் தொடர்ந்து வாழ்ந்தார். 2,210 நபிமொழிகள் அவர் வழியாக வந்திருக்கின்றன. கலீஃபாக்களும் தோழர்களும் சந்தேகம் கேட்க அவர் வாசலுக்கு வந்தார்கள். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசலை விரிவாக்கியபோதுதான் அந்த அறை உள்ளே வந்தது. கபுர் பள்ளிவாசலுக்குள் வந்த விதம் அதுதான். தம்பி இதை அடிக்கடி சொல்வான், சரியாகத்தான் சொல்வான்.

இன்று அந்தப் பித்தளைக் கிராதிக்கு முன்னால் வரிசையாக நடந்து ஸலாம் சொல்லிக்கொண்டு போவது ஆண்கள் மட்டும். கபுர் கண்ணுக்குத் தெரியாது. கிராதிக்கு அப்பால் சுவர், திரை. கையேந்தி நிற்பவர்களைக் காவலர்கள் கிப்லாவின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு அந்த வழி இல்லை. அவர்களுக்கு ரவ்ளா உண்டு. நபிகளின் வீட்டுக்கும் மிம்பருக்கும் இடைப்பட்ட பகுதி சொர்க்கத்துப் பூங்காக்களில் ஒன்று என்பது நபிமொழி. நீளம் 22 மீட்டர், அகலம் 15 மீட்டர். பச்சைக் கம்பளம் விரித்திருப்பதால் எல்லை தெரியும். இப்போது செல்போன் செயலியில் முன்பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். 2019-ல் பெண்களுக்குக் குறிப்பிட்ட நேரங்கள். நாடு, மொழி என்று பிரித்து உட்காரவைத்து, குழுகுழுவாக விடுவார்கள். உருது தெரியாத உம்மா உருதுக்காரப் பெண்கள் நடுவே இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், ஒன்றரை மணிக்கு வெளியே வந்தார். முக்காடு கசங்கியிருந்தது. "ரெண்டு ரக்அத்து கிடைச்சுது. ரெண்டாவது ஸஜ்தாவுல யாரோ முதுகுல கை ஊனி எந்திரிச்சாங்க. பாவம், அவங்களும் கெழவி" என்றார்.

மகளைப் பார்ப்பதுதான் சிக்கலாயிற்று.

பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஜன்னத்துல் பகீ மையவாடி. மூன்றாவது கலீஃபா உஸ்மான், நபிகளின் மகன் இப்ராஹீம், பேரர் ஹஸன், ஆயிஷா, சட்ட அறிஞர் இமாம் மாலிக் என்று இஸ்லாமிய வரலாற்றின் பாதிப் பெயர்கள் அங்கே மண்ணுக்குள் இருக்கின்றன. பாத்திமாவும் அங்கேதான் என்பது பரவலான நம்பிக்கை. பள்ளிவாசலை ஒட்டிய தன் வீட்டிலேயே அடக்கப்பட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கபுர்களின் மேல் ஒரு காலத்தில் குப்பாக்கள் இருந்தன. 1806-ல் ஒரு முறை இடித்தார்கள். உதுமானியர் திரும்பக் கட்டினார்கள். 1925-26-ல் மதினா இப்னு ஸவூதின் கைக்கு வந்ததும் மறுபடி தரைமட்டமாக்கப்பட்டது. கபுரின் மேல் கட்டடம் எழுப்புவது உருவ வழிபாட்டுக்கு வழி என்பது அவர்கள் கொள்கை. இந்தியாவில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. ஷியாக்கள் இன்றும் ஷவ்வால் மாதம் 8-ம் நாளைத் துக்க நாளாக அனுஷ்டிக்கிறார்கள்.

சுபுஹுக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் கதவைத் திறப்பார்கள். ஆண்களுக்கு மட்டும். உம்மாவுக்கு இது ஊரிலேயே தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. வாசலில் நின்ற இளைஞர் மரியாதையாகத்தான் சொன்னார், கையைக் குவித்துச் சொன்னார். உம்மா என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேரின் பெயர்கள். அவர்கள் சொல்லியனுப்பிய ஸலாம். "நீ போய்ச் சொல்லிட்டு வா வாப்பா. என் பேரைக் கடைசியாச் சொல்லு."

உள்ளே வெட்டவெளி. செம்மண்ணும் பழுப்பு மண்ணும். வரிசை வரிசையாக, தலைமாட்டில் ஒரு கல் நட்ட மேடுகள். கரடுமுரடான கற்கள், எழுத்தில்லாதவை. புறாக்கள். யார் எங்கே என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. நம் மஹல்லா மையவாடிகளிலாவது மீசான் கல்லில் பெயரும் தேதியும் இருக்கும். ஒரு பக்கத்தில் ஷியா யாத்ரீகர்கள் நின்று விம்மிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் இரண்டு காவலர்கள் யாரிடமோ உருதுவில், கபுரிடம் எதையும் கேட்காதீர்கள், அல்லாஹ்விடம் கேளுங்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு ஜனாஸாத் தொழுகை நடந்த மையத்துகளின் புதுக் கபுர்கள் ஈரத்தோடு இருந்தன. அவர்களில் ஒருவர் இந்தோனேஷிய ஹாஜி என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஹஜ்ஜுக்கு வந்தவர்களும் கலீஃபாக்களும் ஒரே மாதிரிக் கல்லின் கீழே. பாத்திமா நாயகி இருப்பதாகச் சொல்லப்படும் பக்கம் பார்த்து நின்று, பதினோரு பெயர்களையும் வாசித்தேன். பன்னிரண்டாவதாக உம்மாவின் பெயர்.

வெளியே வந்தபோது உம்மா மதில் ஓரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"கல்லுதான் உம்மா. பேரு இல்லை."

"உஸ்மான் நாயகத்துக்கும் இல்லையா?"

"யாருக்கும் இல்லை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "யாருக்குமே இல்லைன்னா சரி" என்றார். எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தவர் நின்று, "ஆனா எங்களை உள்ளே விட்டிருக்கலாம்" என்றார்.

பெண்கள் கபுருக்குப் போகலாமா என்பதிலும் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. தடுக்கும் நபிமொழியும் உண்டு. பிறகு எல்லோருக்கும் பொதுவாக அனுமதித்த நபிமொழியும் உண்டு. ஆயிஷாவே தன் சகோதரர் அப்துர் ரஹ்மானின் கபுருக்குப் போனதாக ஏடுகள் சொல்கின்றன. ஒரு பெண்ணின் அறையில் அடங்கியிருக்கிறார் நபிகள். அந்த அறையின் முன்னால் நடக்கப் பெண்களுக்கு வழியில்லை என்றால், அது அந்த அறைக்குச் சொந்தக்காரி போட்ட விதியாக இருக்காது. இதை நான் தம்பியிடமே சொன்னேன். அவன் வாதாடவில்லை.

உம்மாவுக்கு மதினாவிலேயே மௌத்தாகிவிட ஆசை இருந்தது. மதினாவில் இறக்க முடிந்தவர் அங்கேயே இறக்கட்டும், அவருக்காக நான் பரிந்துரைப்பேன் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. அங்கே தங்கும் கிழவர் கிழவிகள் பாதிப்பேர் மனதில் இந்த ஆசை உண்டு. எட்டாவது நாள் நாற்பதாவது வேளையும் முடிந்து பெட்டி கட்டும்போது, "இழுத்துக்கொண்டு போகிறாயே" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். உஹதுக்குப் போய் ஹம்ஸாவுக்கு ஸலாம் சொன்னதும், குபாவில் தொழுததும், அஜ்வா பேரீச்சம்பழத்துக்கு விலை பேசியதும் நன்றாகத்தான் நடந்தன. விலை பேசுவதில் அரபுக் கடைக்காரரை அவர் தமிழிலேயே மடக்கினார்.

டெல்லி நண்பர் ஒருவர், "நானெல்லாம் அந்த ஊரைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். முன்பு நகரின் ஹரம் எல்லைச் சாலையில் 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்ற பலகை இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அது 'ஹரம் எல்லை' என்று மாறியது. 2024 ஜனவரியில் அப்போதைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி மதினா போய்ப் பள்ளிவாசலின் சுற்றுப்புறத்தையும் உஹதையும் குபாவையும் பார்த்துவிட்டு வந்தார். பள்ளிவாசலுக்குள் போக முடியாது. நண்பருக்கு அதைச் சொன்னேன். அந்தக் கதவும் ஒரு நாள் திறந்தால் எனக்குச் சந்தோஷம். அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசனிடம் தஞ்சம் கேட்டுத் தோழர்களை அனுப்பியவர் அல்லவா நபிகள்.

உம்மா 2022-ல் ஊரில் காலமானார். எங்கள் தெருப் பள்ளிவாசல் மையவாடியில், வாப்பாவுக்கு நாலு கபுர் தள்ளி அடக்கினோம். மீசான் கல் வைக்கும்போது மறுபடி பேச்சு வந்தது. பெயர் பொறிக்க வேண்டும் என்றார் லாத்தா. கூடாது என்றான் தம்பி. முடிவை என்னிடம் விட்டார்கள். மதினாவில் நான் பார்த்ததையும், உம்மா அதற்குச் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அவர்களிடம் சொன்னேன். முதல் வாக்கியத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான், இரண்டாவதை லாத்தா. இப்போது அங்கே பெயரில்லாத இரண்டு கற்கள் இருக்கின்றன. நடுவில் லாத்தா நட்ட மருதாணி இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. எங்கள் மையவாடிக்கும் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு லாத்தா போகிறார். கதவைத் திறந்துவிடுவது தம்பி.